முறுக்கு கம்பெனி முதலாளிமாருக்கு: என் கதையை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள்

வெளி மாநிலங்களில் முறுக்கு கம்பெனி நடத்தும் உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர் வட்டாரத்து அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது உங்களில் சிலர் என் கம்பெனிக்கு வந்தீர்கள். மாவு அரைக்கும் இடம், அடுப்பு, பாக்கெட் போடும் மேசை என்று எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு மனதாரப் பாராட்டினீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஊருக்குள் என்ன பேசினீர்கள் என்பதும் என் காதுக்கு வந்துவிட்டது. "நம்ம கம்பெனிகள்ல அச்சு பிழிஞ்ச பயதான் அவன். இன்னைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். சின்ன வயசுல கஷ்டப்பட்டாத்தான் ஆளாக முடியும்." இதைச் சொல்லியே இரண்டு வீடுகளில் பையன்களை வேலைக்குக் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு தாய்மாரும் நேரே என்னிடம் வந்து, "அனுப்பலாமா தம்பி?" என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல வேண்டுமே. ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்ச் சொன்னால் பங்காளிச் சண்டையாகிவிடும். அதனால் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

நான் முறுக்கு கம்பெனி வேலைக்குப் போனது 2003-ல். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன், பதினோரு வயது. அந்தக் காலத்து வறட்சி உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களுடையது மானாவாரி நிலம். விதைத்த கம்பும் சோளமும் முளைத்ததோடு சரி. அதே நேரத்தில் சொந்தத்தில் அடுத்தடுத்து காதுகுத்து, கல்யாணம். நம் வீட்டு விசேஷத்தில் மொய்யாக வாங்கிய செய்முறையைத் திருப்பிச் செய்யாமல் நம்ம பக்கம் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? என்னை வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லி அப்பா எட்டாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். கொண்டுபோய்விட்டவர் எங்களுக்கு மாமன் முறை. மதுரையில் ரயில் ஏற்றி மகாராஷ்டிரத்தில் ஓர் ஊரில் இறக்கினார். அந்த ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் இங்கே வேண்டாம். அந்த முதலாளியை மட்டும் பிடித்து உலுக்குவதற்காக இதை எழுதவில்லை.

வேலை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றும். மாவு மாஸ்டர் பிசைந்து தருவார், பையன்கள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். பகலில் பாக்கெட் போட வேண்டும். சாயங்காலம் பெரிய பையன்கள் டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லைனுக்கு, அதாவது கடை கடையாகப் போட, போவார்கள். எண்ணெய் டின்களுக்கும் மாவு மூட்டைகளுக்கும் நடுவில்தான் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் போனில் வீட்டுக்குப் பேசலாம், ஆனால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர வேறு எதை அந்தப் போனில் பேச முடியும்?

கை வெந்ததையும் அடி வாங்கியதையும் எழுதி உங்களைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்கலாம். அது என் நோக்கம் இல்லை. நீங்கள் அடிக்கடி சொல்லும் ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: "எங்ககிட்ட வந்தான், தொழில் கத்துக்கிட்டான்."

அண்ணே, என்ன தொழிலைக் கற்றேன்? அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க எனக்குத் தெரிந்தது அச்சுப் பிழிவது மட்டும். அரிசி மாவுக்கு உளுந்து எவ்வளவு, காய்ந்த எண்ணெய் எத்தனை கரண்டி, ஓமம் எப்போது போடுவது, மழை நாளில் தண்ணீரை எவ்வளவு குறைப்பது, இதில் ஒன்றையாவது எந்தக் கம்பெனியிலாவது பையனுக்குச் சொல்லித் தருகிறீர்களா? மாஸ்டர் மாவு கலக்கும்போது எங்களை எண்ணெய் டின் தூக்க அனுப்பிவிடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது. பக்குவம் தெரிந்துவிட்டால் நாளைக்கு அவன் தனியாக அடுப்பு வைப்பான், லைனில் உங்களுக்கே போட்டியாக வருவான். பையனுக்குத் தொழில் தெரியாமல் இருப்பதில்தான் உங்கள் தொழிலுக்குப் பாதுகாப்பு. முதலாளியாக யோசித்தால் அது எனக்கும் புரிகிறது. ஆனால் அதைச் செய்துகொண்டே 'தொழில் கற்றுக்கொடுத்தோம்' என்றும் சொல்லக் கூடாது.

நான் முறுக்கு கற்றது மணப்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அத்தையிடம். கம்பெனிக்கு ஒருநாள் அதிகாரிகள் சோதனைக்கு வந்து, எங்களை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பி, அதற்குப் பிறகு டீக்கடை, பரோட்டாக் கடை, லாரி லோடு என்று திரிந்துவிட்டுத்தான் அத்தை வீட்டில் போய் ஒதுங்கினேன். அங்கே அச்சு கிடையாது, கை முறுக்குதான். விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றுவது. முதலில் என் சுற்று ஒன்றும் நிற்கவில்லை, எண்ணெயில் போட்டதும் பிரிந்து ஓடியது. அத்தை திட்டவில்லை. அரிசியை ஊறவைப்பதிலிருந்து ஆரம்பித்தார். நிழலில் ஈரம் போக உலர்த்துவது, அரைத்துச் சலிப்பது, உளுந்தை வாசம் வரும்வரை வறுப்பது, மாவு விரலில் ஒட்டாமலும் வெடிக்காமலும் இருக்கும் அந்தப் பதம் எது என்று என் கையைப் பிடித்தே காட்டினார். 2023-ல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அத்தை மாதிரி வீட்டு அடுப்பிலேயே ஆயுசைக் கழித்த பெண்களுக்குக் கிடைத்த மரியாதையாகத்தான் அதைப் பார்த்தேன். இன்று என் பாக்கெட்டைக் கடைக்காரர் கேட்டு வாங்குகிறார் என்றால் அது அந்தக் கை முறுக்குக்காக. அச்சு முறுக்கு எல்லோரிடமும்தான் இருக்கிறது.

தொழில் வந்தாலும் கடன் வரவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தபோது, வேலையில்லாத இளைஞர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு அரசுத் திட்டம் இருக்கிறது, ஆனால் எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். நான் ஐந்து. மூன்று வகுப்பு குறைகிறது. அந்த மூன்று வகுப்பை எங்கே விட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். மீசை வைத்த ஆளாக எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கோவில் திண்ணையில் ராத்திரி பாடம் எடுத்தார். பரீட்சை அறையில் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றது தனிக் கதை. தேறினேன், கடன் கிடைத்தது, தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன்.

இதுதான் நான் ஆளான வழி. இதில் உங்கள் கம்பெனி எங்கே வருகிறது? என்னைத் தடுத்த இடத்தில்தான் வருகிறது. இன்றும் நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எது வந்தாலும் என் மனைவி படித்துச் சொன்னால்தான் கையெழுத்து. பள்ளிக்கூடம் போயிருந்தால் இந்த இடத்துக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வந்திருப்பேன்.

என்னோடு அந்த அறையில் படுத்தவர்களைப் பற்றி நீங்கள் ஊருக்குள் ஒன்றும் சொல்வதில்லையே, ஏன்? ஒருவனுக்குச் சட்டி சரிந்து வலது கை வெந்தது. இரண்டு விரல் இன்னும் மடங்காது. நூறு நாள் வேலைக்குப் போனால் மண்வெட்டி பிடிக்க முடியாமல் தண்ணீர் ஊற்றும் வேலை கேட்டு வாங்குகிறான். இன்னொருவன் இன்றைக்கும் அதே மாதிரி ஒரு கம்பெனியில் சட்டியில் நிற்கிறான். முதலில் அப்பா வாங்கிய அட்வான்ஸ், பிறகு அவன் கல்யாணத்துக்கு வாங்கியது, இப்போது மகள் சடங்குக்கு வாங்கியது. குடித்தே போனவன் ஒருவன். பத்துப் பேரில் ஒருவன் கொட்டகை போட்டிருக்கிறான், அவனைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறீர்கள். மற்றவர்களையும் மேடையில் ஏற்றிவிட்டு அப்புறம் அந்தத் தாய்மாரிடம் போய்ப் பையனைக் கேளுங்கள்.

சரி, தொழில் கணக்குக்கு வருவோம். உங்களுக்கு அதுதான் முக்கியம். எனக்கும் அதுதான் முக்கியம், ஏனென்றால் மாதம் பிறந்தால் நானும் வாடகை கட்ட வேண்டும், தவணை கட்ட வேண்டும். "பெரிய ஆளைப் போட்டால் கட்டுப்படியாகாது" என்று சொல்கிறீர்கள். 2024 செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏற்றியது நினைவிருக்கிறதா? கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரியே இல்லாமல் இருந்து ஒரே நாளில் 20 சதவீதம் ஆனது. டின் விலை எகிறியது. அன்றைக்கு யாராவது கம்பெனியை மூடினோமா? அஞ்சு ரூபாய் பாக்கெட்டில் கிராமைக் குறைத்தோம், கிலோ விலையை ஏற்றினோம். கடைக்காரர் ஒரு வாரம் முனகிவிட்டு வாங்கிக்கொண்டார். 2025 மே கடைசியில் அந்த வரி 10 சதவீதமாகக் குறைந்தது. செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் அடைத்த கார வகைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது. இந்த இரண்டு குறைப்பிலும் கையில் நின்ற காசில் கொஞ்சமாவது கூலிக்குப் போனதா? எண்ணெய் ஏறினால் தாங்குகிற நம் தொழில், நியாயமான கூலி என்றதும் மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

என் கொட்டகையில் சுற்றுவது எல்லாம் அக்காமார்தான். காலை ஒன்பதரைக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரவும், அவர்கள் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போகவும் தோதான நேரம். இதைத் தர்மம் என்று நினைக்காதீர்கள். இந்த நேரம் வைத்த பிறகு என்னை விட்டு யாரும் போவதில்லை. புதிதாக ஆளெடுத்துப் பழக்கும் செலவு இல்லை, சேதாரம் குறைவு. பையன் தூக்கக் கலக்கத்தில் பிழிந்த முறுக்கில் எவ்வளவு உடைசல் விழும் என்று என்னை விடத் தெரிந்தவர் யார்? அரிசி மாவைப் பக்கத்து ஊர் மகளிர் குழுவிடம் வாங்குகிறேன். கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் திடீரென்று பெரிய ஆர்டர் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அரைத்துத் தருகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம், இரண்டு பாடம் போன பிள்ளைகளுக்கு மறுதேர்வுக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். கட்டும் காசு சின்னது. ஆனால் மே மாதத்தில் ஃபெயிலான பையன் வீட்டு வாசலில்தான் உங்கள் புரோக்கர் முதலில் வந்து நிற்கிறார். அவருக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அட்வான்ஸ் நான் கொடுப்பதில்லை. அவசரம் என்றால் கைமாற்று உண்டு, சம்பளத்தில் பிடித்தம் கிடையாது, முடிந்தபோது தரலாம். சிலது வராது. வராததைச் செய்முறை என்று எழுதிக்கொள்வேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அன்றைக்கு அந்த எட்டாயிரத்தை வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். வங்கி வாசலில் அவரை நிற்கவும் விட்டிருக்க மாட்டார்கள். "நாங்க கொடுக்காட்டி அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?" என்று நீங்கள் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போது மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் வருகிறது, பள்ளியில் காலைச் சோறும் மதியச் சோறும் போடுகிறார்கள். பட்டினிக்காகப் பையனை அனுப்புவது குறைந்துவிட்டது. ஆனால் வாரத் தவணை கட்ட முடியாமல் அனுப்புவது வந்திருக்கிறது. என்னிடம் வந்த தாய்மாரில் ஒருவருக்கு அதுதான் நெருக்கடி. அதற்கு நான் என்ன செய்தேன் என்பது எனக்கும் அவருக்கும் உள்ளது. கடன் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், நோட்டு எழுதி வாங்குங்கள், பெரியவர்கள் திருப்பித் தரட்டும். பிள்ளையை ஈடாக வாங்காதீர்கள்.

சட்டத்தை உங்களுக்குச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்க முடியாது. மாட்டினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "அக்கா மகன், கூடமாட இருக்கிறான்" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பீர்கள். குடும்பத் தொழிலுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் உதவுவதற்கு மட்டும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருக்கும் அக்கா மகனுக்கு அங்கே எது பள்ளிக்கூடம்?

பதினாலு தாண்டியவன் என்றாலும் அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போட்டால் அது கொத்தடிமை. 1976-லேயே ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி செத்துப்போன கடன். அதைத் திருப்பிக் கேட்க முடியாது. பையன் வீட்டார் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும், வாங்கிக்கொள்வதே குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மீட்கப்பட்டு ஊர் வந்த பிறகும் "அட்வான்ஸ் பாக்கி" என்று ஆள் வந்து நின்றது, அப்பா ஆட்டை விற்றுக் கொடுத்தார். அப்போது கொத்தடிமை என்று விடுதலைச் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு அரசு 20,000 ரூபாய் மறுவாழ்வுத் தொகை கொடுத்தது. எங்களைக் கொத்தடிமை என்று எழுதவில்லை, வெறும் குழந்தைத் தொழிலாளர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். 2016-க்குப் பிறகு அந்தத் தொகை குழந்தைகளுக்கு 2 லட்சம். அந்தச் சான்றிதழை எப்படிக் கேட்டு வாங்குவது என்று இப்போது நம்ம பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் தெரியும். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. நம்ம எண்ணெயில் மொத்த போலார் சேர்மம், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெடுதல், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மறுபடி பொரிக்கக் கூடாது என்று 2018-லிருந்து விதி. உணவுப் பாதுகாப்பு அதிகாரி கருவியை முக்கிப் பார்க்கிறார். நாமும் பயந்துகொண்டு பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். எண்ணெயின் வயதைப் பார்க்கிறார்கள், அதன் பக்கத்தில் நிற்பவன் வயதை நாம்தான் பார்க்க வேண்டும். ஆதார் அட்டையில் பிறந்த தேதி இருக்கிறது.

இனி நான் கேட்பது. இப்போது உங்களிடம் இருக்கும் பையன்களை இந்தப் பங்குனிக்குள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸைக் கழித்தது போக மிச்சம் என்று கணக்குப் போடாமல், வேலை பார்த்த மாதங்களுக்கு அந்த மாநிலத்துக் குறைந்தபட்சக் கூலியைப் போட்டுக் கொடுங்கள். அதற்குக் குறைந்த கூலி கொடுப்பதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலை வழக்கில், சொல்லியிருக்கிறது. பையன் 14 வயதுக்குள் இருந்தால் வயதுக்கு ஏற்ற வகுப்பில் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும், டி.சி. இல்லை என்று மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எந்தத் தலைமையாசிரியராவது தயங்கினால் நானும் வாத்தியாரும் கூட வருகிறோம்.

ஆள் பற்றாக்குறைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். 18 தாண்டிய, வேலை தேடுகிற பிள்ளைகள் நம்ம ஊர்களிலேயே இருக்கிறார்கள். எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுப்பு, சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில், தங்குவதற்கு அடுப்பில்லாத தனி அறை, கையில் சொந்தப் போன். இதை எழுதிக் கொடுப்பவர்களுக்கு நானே ஆள் பேசித் தருகிறேன், கமிஷன் வேண்டாம். மாவு பிசையும் இயந்திரமும் பிழியும் இயந்திரமும் வாங்க நினைப்பவர்களுக்கு, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டு அலைந்த அனுபவம் எனக்கு உண்டு, எந்தக் காகிதத்தில் இழுப்பார்கள் என்று சொல்கிறேன்.

கை முறுக்குப் பதம் வேண்டுமா, அதையும் சொல்லித் தருகிறேன். ஒளித்துவைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஒரே நிபந்தனை: கற்றுக்கொள்ள நீங்கள் வாருங்கள், இல்லை உங்கள் மாஸ்டரை அனுப்புங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் ஊரில்தான் இருப்பீர்கள். எதிர்சேவைக்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அடுப்பு பற்றாது, ஆனால் நான் இருப்பேன். என் வரவு செலவு நோட்டை மேசைமேல் வைத்திருப்பேன். எண்ணெய், மாவு, கூலி, வாடகை என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, எங்கே கட்டுப்படியாகவில்லை என்று காட்டுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தம்பி,
கை முறுக்குக் கொட்டகைக்காரன்